ஐந்தருவியில் தடை நீங்கிய நேரம்

மேலகரம்
12.8.2025, இரவு

அன்புள்ள அக்கா,

நான் செல்வி. கையெழுத்து மாறிவிட்டது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது எழுதுகிறாளே என்று நீ கோபப்பட்டால் அது நியாயம்தான். உன் புனலூர் விலாசம் போன வாரம்தான் கிடைத்தது. அம்மா பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் நீ அனுப்பிய கவர் ஒன்று இருந்தது. பிரித்துப் படித்துவிட்டுப் பழையபடியே மடித்து வைத்திருக்கிறாள். அதைப் பற்றி அம்மா யாரிடமும் மூச்சு விட்டதில்லை. நானும் அவளிடம் கேட்கவில்லை.

எல்லோரும் படுத்த பிறகு அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு விடிகாலை ஐந்து மணிக்குக் குற்றாலம் பேரருவியில் டூட்டி. அவர் இன்னும் ஏட்டுதான். சீசன் முழுக்க நனைந்த காக்கிச் சட்டையோடுதான் வீட்டுக்கு வருகிறார். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் காட்டுவதற்காகக் கணக்கு நோட்டைப் பக்கத்தில் திறந்து வைத்திருக்கிறேன். அவர் உள்ளே இருமினால் அவசரமாகக் கடிதத்தை நோட்டுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான். உன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஒரு தடவை நான் மறந்துபோய் "சங்கரி அக்கா சைக்கிள்" என்று சொல்லிவிட்டேன். அப்பா பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் சைக்கிள் வீட்டில் இல்லை.

நான் இப்போது பிளஸ் டூ. சட்டம் படிக்க ஆசை. அதற்கு டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை நுழைவுத் தேர்வு. என் வகுப்பில் மெஹர் பானு என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் அண்ணன் இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டு ஒதுக்கிப் போட்ட தடிப் புத்தகத்தை எனக்குக் கொடுத்தாள். அக்கா, அந்தப் புத்தகத்தைப் பற்றி யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

அதில் தர்க்க அறிவு என்று ஒரு பகுதி. ஒரு பத்தி கொடுப்பார்கள். யாரோ ஒருவர் எதையோ அடித்துச் சொல்லியிருப்பார். இந்த வாதத்தை எது பலவீனப்படுத்தும் என்று கீழே கேட்டு நாலு விடை கொடுத்திருப்பார்கள். ஒன்று சொல்கிறேன், கேள். ஒரு ஊரில் தெருவெல்லாம் விளக்குப் போட்டார்கள். அந்த வருஷம் திருட்டுப் புகார்கள் பாதியாகக் குறைந்தன. ஆகவே விளக்கு திருட்டைத் தடுத்துவிட்டது. படித்தால் சரி என்றுதானே தோன்றுகிறது? எனக்கும் தோன்றியது. மூன்றாவது விடையைப் பார்த்தேன். "அதே வருஷம் அந்த ஊர்க் காவல் நிலையம் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி மாற்றப்பட்டது."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது அக்கா. குறைந்தது புகார். திருட்டு இல்லை. இரண்டும் ஒன்று என்று அந்த ஆள் எங்கேயும் சொல்லவே இல்லை. நாமே நினைத்துக்கொண்டோம். பேரருவியில் வெள்ளம் கொட்டும்போது வெள்ளையாகத் தண்ணீர் மட்டும்தானே தெரியும், பாறை தெரியாதே, அந்த மாதிரி. எல்லாப் பேச்சுக்குள்ளும் சொல்லாத வாக்கியம் ஒன்று நிற்கிறது. அது ஆடினால் மேலே இருக்கிற எல்லாமும் ஆடுகிறது. இப்போது யார் பேசினாலும் அந்த வாக்கியத்தைத்தான் தேடுகிறேன். டீச்சர் பேசினாலும், பஸ் கண்டக்டர் பேசினாலும்.

சாப்பிடும்போது அப்பாவிடம் இந்த விளக்குக் கணக்கைச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஸ்டேஷன் அம்புட்டுத் தூரம் போச்சுன்னா எவன்ட்டி புகார் குடுக்க வருவான்?" என்றார். விடைகளை நான் படிக்கக்கூட இல்லை. அவ்வளவு கெட்டிக்காரர். ஆனால் தேர்வுக்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன் என்கிறார். காரணம் நீ. "ஒருத்தி பொய் சொல்லிட்டு ஊர் சுத்தினா. இன்னொருத்திய வெளியூருக்கு அனுப்பிட்டு நான் இங்கன முழிச்சிக்கிட்டு கெடக்கணுமா?" என்கிறார்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. 2022 ஜூலை. நான் ஒன்பதாம் வகுப்பு. காலேஜ் தோழிகளோடு ஐந்தருவியில் குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். ஆறு மணிக்கு ஈரத் தலையோடு வந்தாய். அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "பேரருவில தண்ணி பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுது. ஐந்தருவிலயும் தடைன்னு காலையிலயே மைக்ல சொல்லியாச்சு. ஒரு காக்கா குளிக்கல. நீ மட்டும் எங்கன குளிச்ச?" என்று கேட்டார். நீ வாயே திறக்கவில்லை. பொய் சொல்லுகிற பிள்ளை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரியே தோழி வீட்டுக்குப் போனாய். ஆறு மாதம் கழித்து, செங்கோட்டை ரயில்வேயில் வேலை பார்த்த ஆதமை நீ கல்யாணம் செய்துகொண்ட செய்தி வந்தது. போக இடம் இல்லாமல்தான் அப்படிச் செய்தாய் என்று நான் நினைக்கிறேன்.

நான் உன்னை நம்புகிறேன் அக்கா. நீ குளித்திருக்கிறாய். எப்படி என்று மட்டும் எனக்கு எழுது. அது தெரிந்தால் அப்பா சொன்னது விழுந்துவிடும். நீ வீட்டுக்கு வரலாம், நான் தேர்வுக்குப் போகலாம். பதிலை மெஹர் பானு வீட்டு விலாசத்துக்கு அனுப்பு. பின்னால் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு மட்டும் அனுப்பிவிடாதே.

பயத்தோடும் ஆசையோடும்,
முத்துசெல்வி


புனலூர்
20.8.2025

என் செல்விக்கு,

கவரின் மேல் இருந்த கையெழுத்து யாருடையது என்று தெரியாமல்தான் பிரித்தேன். இரண்டாவது வரிக்குமேல் படிக்க முடியவில்லை, எழுத்து கலங்கிவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் சோற்றில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தவள் இப்போது சட்டம் படிக்கப் போகிறாளாம். ஒரு போட்டோகூட வைக்கத் தோன்றவில்லையா உனக்கு?

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர்கள் ரத்தம். மலையாளம் பேச வந்துவிட்டது, ஆனால் கோபம் வந்தால் நம் ஊர்ப் பேச்சுதான் வாயில் வருகிறது. ஆதமுக்கு சிக்னல் பிரிவில் ஷிப்டு மாறி மாறி வரும். நீ எழுதிய விளக்குக் கணக்கை அவரிடம் சொன்னேன். திருடர்கள் எல்லாம் பக்கத்து ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார்கள் என்றார். பிறகு நீ சொன்ன விடையைச் சொன்னதும், "உன் தங்கச்சிகிட்ட ஜாக்கிரதையாப் பேசணும் போலிருக்கே" என்றார்.

அம்மா என் கடிதத்தைப் படித்தாள் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே அவளுக்கு. போகட்டும். முட்டுவலி எப்படி இருக்கிறது என்று நீயாவது எழுது.

அந்தச் சனிக்கிழமையை விட்டுவிடு செல்வி. முடிந்துபோனது. தேர்வுக்கு அப்பாவிடம் வேறு விதமாகக் கேட்டுப் பார். என்னை அதற்குள் இழுக்காதே. ராத்திரி அதிக நேரம் விழிக்காதே, கண் கெட்டுவிடும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அக்கா சங்கரேஸ்வரி


மேலகரம்
21.9.2025, இரவு

அன்புள்ள அக்கா,

நீ விட்டுவிடச் சொன்னாய். நான் விடவில்லை. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

இந்த வீட்டில் நடந்ததை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

அப்பா சொன்னதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், தேர்வுப் புத்தகத்தில் வருவது போலவே. எல்லா அருவிகளிலும் தடை. ஆகவே யாரும் குளித்திருக்க முடியாது. ஆகவே சங்கரேஸ்வரி பொய் சொல்கிறாள். இதில் சொல்லாத வாக்கியம் எது? ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயடியில் பல் தேய்க்கும்போது சட்டென்று தெரிந்தது. தடை எப்போது போட்டார்கள் என்று அப்பா சொன்னார். எப்போது எடுத்தார்கள் என்று சொல்லவே இல்லை. காலையில் போட்ட தடை சாயங்காலம் வரைக்கும் இருந்தது என்று அவர் வைத்துக்கொண்டார். அவர் நின்றது பேரருவி. ஐந்தருவியை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் நூலகத்துக்குப் போனேன். அங்கே கணினியில் பழைய பேப்பர் எல்லாம் கிடைக்கிறது. அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் பேப்பரைத் தேடி எடுத்தேன். ஒரு மூலையில் நாலே வரி. பேரருவியில் தடை நீடிப்பு. ஐந்தருவியில் நீர்வரத்து குறைந்ததால் மாலை நான்கு மணியளவில் குளிக்க அனுமதி.

அந்தப் பக்கத்தை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன் அக்கா. மூன்று வருஷமாக நம் வீட்டில் யாருக்கும் தெரியாமல் போனது இந்த நாலு வரிதான்.

மூன்று நாள் அந்தத் தாளைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு பயந்து திரிந்தேன். நாலாவது நாள் அப்பா டூட்டி முடிந்து வந்து சட்டையை உலர்த்தும்போது, ஒன்றும் பேசாமல் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்தேன். ஓட முடியவில்லை. அவர் படித்தார். திரும்பப் படித்தார். என்னை அடிப்பார் என்று நினைத்துச் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் அடிக்கவில்லை. யூனிபாரத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்துப் போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு வந்தார். ஐந்தருவி புறக்காவல் நிலையத்தில் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். தப்பித்துக்கொள்ள அவருக்கு எத்தனையோ வழி இருந்தது. பேப்பர்க்காரன் தப்பாகப் போட்டிருப்பான் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "நாலு பத்துக்கு எடுத்திருக்காங்க வள்ளி. அந்நேரம் குளிக்க வந்த வெளியூர்க்காரங்க பிள்ள ஒண்ணக் காணும்னு நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தேடிப் போயிருந்தேன். மைக்ல சொன்னது என் காதுல விழல" என்றார். நான் கண்டுபிடிக்காத பாதியை அவராகவே கண்டுபிடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டார். பிறகு, "நான் நம்ம பிள்ளைக்குப் பாவம் பண்ணிட்டேன்" என்றார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை என்னைத் தென்காசிக்குக் கூட்டிப்போய் பிரவுசிங் சென்டரில் பக்கத்திலேயே நின்று விண்ணப்பம் போட வைத்தார். தேர்வு மையம் மதுரை. தானே கூட்டிப்போவதாகச் சொல்கிறார். அதைவிடப் பெரிய செய்தி, உன்னைப் பார்க்க வரப் போகிறாராம். சீசன் பந்தோபஸ்து எல்லாம் முடிந்து தீபாவளியும் கழியட்டும் என்கிறார். உன் விலாசத்தை அம்மாவிடம் கேட்டார். அம்மா எழுந்து போய்ப் பட்டுச் சேலைக்கு அடியில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். நாம் எழுதிக்கொள்வது மட்டும் வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு சின்ன வாக்கியம் அக்கா. அதை எடுத்ததும் அப்பாவே அசைந்துவிட்டார். எனக்கு என்னைப் பார்த்தே பயமாக இருக்கிறது.

சந்தோஷத்தில் தூக்கம் வராத
செல்வி


புனலூர்
29.9.2025

செல்விக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

நான் அன்றைக்கு ஐந்தருவிக்குப் போகவில்லை.

செங்கோட்டைக்குப் போனேன், ஆதமைப் பார்க்க. அவருக்கு மத்தியானம் வேலை முடியும். ஸ்டேஷனில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். வேறு ஒன்றும் இல்லை. கிளம்பும்போதுதான், குளிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னோமே, தலை காய்ந்திருக்கிறதே என்று உறைத்தது. பிளாட்பாரக் குழாயில் தலையைக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே குழாயைத் திறந்துவிட்டார். அந்த ஈரத்தோடுதான் பஸ் ஏறினேன்.

தடை போட்டது எனக்குத் தெரியாது. எடுத்ததும் தெரியாது. உலர்ந்த தலையோடு வந்து "தடைன்னு திருப்பி அனுப்பிட்டாங்கப்பா" என்று சொல்லியிருந்தால் அப்பாவே, பாவம் பிள்ளை ஏமாந்து வந்திருக்கிறாள் என்று சொல்லியிருப்பார். பொய்க்குச் சாட்சி தயார் செய்யப் போய் அதனாலேயே மாட்டிக்கொண்டேன். குற்றாலத்துப் போலீஸ்காரர் மகள் செய்யக்கூடிய முட்டாள்தனமா அது என்று ஆதம் இன்றைக்கும் கேலி செய்வார்.

போக இடம் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவரை எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் போய்ப் பார்த்தேன், அதனால்தான் கட்டிக்கொண்டேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. அப்பாவிடம் பொய் சொன்னதுதான் இன்றைக்கும் குத்துகிறது. உண்மையைச் சொல்லி அந்த வீட்டில் நிற்க முடியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தப்பே செய்யாத ஒரு பெண்ணைப் பார்க்க அப்பா வருகிறார். அப்படி ஒருத்தி இங்கே இல்லை செல்வி. இங்கே இருப்பது நான்.

ஆனாலும் நீ இப்போது எதுவும் சொல்லாதே. தேர்வு முடியட்டும். பிறகு நானே அவருக்கு எழுதுகிறேன்.

அக்கா


மேலகரம்
5.10.2025, இரவு

அக்கா,

ஏன் எனக்குச் சொன்னாய்?

உன் கடிதத்தை மெஹர் பானு வீட்டு மாடியில் வைத்துப் படித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாள்.

அப்பா ஆளே மாறிவிட்டார். கூட வேலை பார்க்கிறவர்களிடம் எல்லாம், "ஏலே, ஆத்திரத்துல எதையும் முடிவு பண்ணாத. நான் பண்ணிட்டுப் படுதேன்" என்று சொல்கிறாராம். என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறாராம். "எம் மவ கண்டுபிடிச்சா" என்று. சந்தோஷமாக இருக்கிற அப்பாவைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளை உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பகுதியின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறான். ஒரு வாதம் பலவீனமானது என்று காட்டினால் அதன் முடிவு பொய் என்று ஆகிவிடாது. அதன்கீழ் நானே பச்சைப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். கோடு போட்டுவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். நான் கண்டுபிடித்தது நீ குளித்திருக்கலாம் என்பதை மட்டும்தான். குளித்தாய் என்று நானாக எடுத்துக்கொண்டேன். அப்பாவையும் எடுத்துக்கொள்ள வைத்தேன். அப்பா செய்த அதே தப்பு. அவராவது மைக்கில் கேட்டுச் செய்தார், நான் ஆசையில் செய்தேன்.

சொன்னால் தேர்வும் போகும், நீயும் போவாய். சொல்லாவிட்டால் நான் தினமும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எது சரி என்று கீழே நாலு விடை கொடுத்திருந்தால் நன்றாக இருக்கும்.

செல்வி


புனலூர்
11.10.2025

செல்விக்கு,

என் கடிதத்தைக் கிழித்துப் போடு. அது வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள். அப்பா வரட்டும், நான் கதவைத் திறக்கிறேன். அவர் என்ன நினைத்துக்கொண்டு வருகிறாரோ அப்படியே வரட்டும். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போகட்டும். எனக்கு அது போதும்.

நீ படிக்க வேண்டும். நான் பேசி நீ கெட வேண்டாம். தீபாவளிக்கு அம்மாவுக்கு முந்திரிக்கொத்து உருட்ட ஒத்தாசை செய், தனியாக உட்கார்ந்து இடுப்பு ஒடிவாள்.

அக்கா


மேலகரம்
1.11.2025, சனி

அன்புள்ள அக்கா,

உன் பேச்சை இரண்டாவது தடவையாக மீறிவிட்டேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். தீபாவளி வரைக்கும் இருந்துவிட்டேன். நேற்று அப்பா டிக்கெட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். நாளைக் காலை ரயில். சாயங்காலம் அம்மாவிடம், உன் வீட்டு வாசலில் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்ப்பது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். "நீ குளிச்சது நெசந்தான்னு தெரிஞ்சுபோச்சு தாயி, வா வீட்டுக்குன்னு சொல்லுதேன்" என்றார்.

நான் அறைக்குள் பழைய வினாத்தாள் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது காதில் விழுந்ததும் என் கை நின்றுவிட்டது. குளித்தது நிஜம், ஆகவே வீட்டுக்கு வா. அப்படியானால் குளிக்காதவள் வரக்கூடாது. இது எங்கிருந்து வந்தது அக்கா? அப்பா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தோம். நூலகத்துக்கும் பேப்பருக்கும் அலைந்தேன். நீ வேறு எங்கேயும் போகவில்லை என்று காட்டத்தான் அத்தனை அலைச்சலும். போயிருந்தால் உன்னைத் துரத்தியது சரி என்று எனக்குள்ளேயே ஓர் ஓரத்தில் இருந்திருக்கிறது. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உன்மேல் இருந்த பழியைத்தான் தூக்கிப் பிடித்திருந்தேன். அது தெரிந்தபோது விளக்குக் கணக்கில் சிலிர்த்ததைவிட அதிகமாகச் சிலிர்த்தது. சந்தோஷமான சிலிர்ப்பு இல்லை. கிணற்றை எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன். "அப்பா, அக்கா அன்னைக்கு ஐந்தருவிக்குப் போகல. செங்கோட்டைக்குப் போனா" என்றேன்.

"யாரு சொன்னா?"

"அக்காதான். எனக்கு எழுதினா."

"எத்தன நாளா எழுதுதீங்க?"

"ஆகஸ்டுல இருந்து."

"அப்ப நான் அன்னைக்குச் சொன்னதுதான் சரி."

"அவ பொய் சொன்னது நெசந்தாம்ப்பா. வெளிய போன்னு சொன்னது அதுல இருந்து வராது. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லப்பா. இருக்குன்னு நாமளா வச்சுக்கிட்டோம். நானுந்தான்."

இதைச் சொல்லிவிட்டு நான் அழுதுவிட்டேன். இவ்வளவு நாள் படித்ததெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்கே சரியாகப் போய்விட்டது. அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தேர்வு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அப்போது அம்மா பேசினாள் அக்கா. முந்தானையை விட்டுவிட்டு, சாதாரணமாக, ரேஷன் கடையைப் பற்றிப் பேசுவது மாதிரி பேசினாள். "எனக்கு அன்னைக்கே தெரியும். நாந்தான அவளுக்குத் தல துவட்டினேன். அருவில குளிச்ச தலையா அது? வச்ச எண்ணெய் வச்ச மாதிரியே இருந்துச்சு."

அப்பா அவள் பக்கம் திரும்பினார். "ஏன் சொல்லல?"

"எதுக்குச் சொல்ல? குளிச்சாலும் குளிக்காட்டாலும் எம் பிள்ளதான."

எந்தப் புத்தகமும் படிக்காமல், யாரிடமும் வாதம் செய்யாமல், இவள் மூன்று வருஷம் முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் ஒரு பக்கம் கும்பிடத் தோன்றுகிறது, ஒரு பக்கம் கோபமும் வருகிறது. நீ வந்து அவளிடம் சண்டை போடு. எனக்கு முடியாது.

அப்பா வெளியே போய் பைக்மேல் உட்கார்ந்துவிட்டார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. நனைந்துகொண்டே வெகுநேரம் இருந்தார். நான் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே வந்தவர் தலையைத் துவட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார். "டிக்கெட்டும் போட்டாச்சு. மதுரைக்கு டிசம்பர்ல லீவும் எழுதிக் குடுத்தாச்சு. இனிமே போய் மாத்துனா இன்ஸ்பெக்டர் ஏசுவாரு."

அவ்வளவுதான் அக்கா. மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. உன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்குக் காலையில் முடி வெட்டிக்கொண்டு வந்தார். அம்மா முந்திரிக்கொத்தை டப்பாவில் அடைத்தபோது, "இது எத்தன பேருக்குக் காணும்?" என்று கேட்டார்.

உன் வாசலில் நின்று என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது. ஒத்திகை பார்த்ததைப் பேச முடியாது, அது மட்டும் தெரியும். அவர் பேசாமல் நின்றால் நீயும் பேசாமல் நின்றுவிடாதே, போன தடவை மாதிரி.

இதை மத்தியானத்தில் கூடத்து மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா எதிரே ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார். தபாலில் போட்டால் நாலு நாள் ஆகும், எழுதிக் குடு, கொண்டுபோறேன் என்று அவரேதான் சொன்னார். ஆதம் அத்தான் ஷிப்டுக்குப் போயிருந்தால் உடனே கூப்பிட்டு விடு. அப்பா கிளம்புவதற்குள் அவர் வீட்டுக்கு வந்துவிடட்டும்.

கவரை நான் ஒட்டவில்லை. வழியில் அப்பா படித்தால் படிக்கட்டும்.

உன் தங்கை
முத்துசெல்வி